ஸ்காபரோவிலிருந்து ஹைபார்க்குக்கு: பிள்ளைகள், மாமி, சாப்பாட்டுப் பையோடு முதல் பயணம்

நாங்கள் முதல் தடவை ஹைபார்க்குக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில். அந்த ஒரு வசனத்திலேயே இரண்டு பிழை இருக்கிறது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் அந்தப் பூங்காவுக்குள் கார் விடமாட்டார்கள். இது தெரியாமல் வாசல் வரைக்கும் போய், பக்கத்துத் தெருக்களில் பார்க்கிங் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினோம். சின்னவன் பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டான். பெரியவள் அழத் தொடங்கினாள். மாமி ஊரிலிருந்து வந்து இரண்டு கிழமைதான், "இதுக்கே உவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் காருக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயாயிற்று. இப்போது ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த, சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

காரில்தான் போவோம் என்றால் வார நாளில் போங்கள். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ லீவு எடுக்க முடிந்தால் நல்லது. வார இறுதியில்தான் நேரம் என்றால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள். உண்மையில் பிள்ளைகளோடு போக வார இறுதிதான் சுகம். உள்வீதிகளில் கார் ஓடாததால் அவர்கள் வீதியின் நடுவிலேயே ஓடலாம், சின்னச் சைக்கிள் விடலாம். நாம் பின்னால் கத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

மாதங்களில் மே கடைசியும் ஜூனும் செப்டெம்பரும் நல்லவை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நீச்சல் குளமும் தண்ணீர் விளையாட்டும் கிடைக்கும், ஆனால் வெயில் மாமியைப் போன்றவர்களுக்குக் கடுமை. "யாழ்ப்பாணத்து வெயில் பார்த்த எங்களுக்கு இது என்ன" என்று நினைக்காதீர்கள். இங்கே ஈரப்பதம் சேர்ந்துவிட்டால் நிழலில் இருந்தாலும் மூச்சு முட்டும்.

தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் செரிப்பூக்கள் மலரும். சில நாட்கள்தான் நிற்கும். அந்த நாட்களில் நல்லூர்த் திருவிழாச் சனம்தான், ஸ்ரோலர் தள்ள இடமிருக்காது. பூ உச்சத்தில் இருக்கும்போது வார நாளிலும் கார்களை மறித்துவிடுவார்கள். பூத்தான் பார்க்க வேண்டும் என்றால் வார நாளில் விடியற்காலை 7 மணிக்குப் போய் 9 மணிக்குத் திரும்புங்கள். பிள்ளைகளின் விளையாட்டு நாளையும் பூப் பார்க்கும் நாளையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

இன்னொன்று: வசந்த காலத் தொடக்கத்தில் ஓக் மரப் பகுதிகளில் நகராட்சியே கட்டுப்பாட்டோடு தரைத்தீ வைக்கும். அன்று சில நடைபாதைகள் மூடியிருக்கும். முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

2. கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

பூங்காவுக்குள் போக ரிக்கெற் இல்லை, பதிவு இல்லை, அடையாள அட்டையும் காட்டத் தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் பலர் இதை நம்புவதில்லை. என் சிநேகிதி ஒருத்தி பி.ஆர். (நிரந்தர வதிவு) அட்டை தபாலில் வரட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தாள்! பூங்கா, விளையாட்டிடம், உள்ளே இருக்கும் சின்ன மிருகக்காட்சிச்சாலை, எல்லாம் இலவசம்.

ஆனால் பையில் இவை இருக்கட்டும்:

- எல்லோருடைய ஹெல்த் காட்.
- சுப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான விசா) வந்த பெற்றோர் கூட வந்தால் அவர்களுடைய மருத்துவக் காப்புறுதி அட்டையும், அந்தக் காப்புறுதியின் அவசரத் தொலைபேசி இலக்கமும். சுப்பர் விசாவுக்கே குறைந்தது 1,00,000 டொலர் காப்புறுதி கட்டாயம் என்பதால் பத்திரம் வீட்டில் எங்கேயோ நிச்சயம் இருக்கும். அலமாரிக்குள் இருந்து பயனில்லை, போனில் படம் எடுத்து வையுங்கள். நடைபாதைகளில் மரவேர்கள் துருத்திக்கொண்டு நிற்கும், வயதானவர்கள் தடக்கி விழுந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.
- ப்ரெஸ்ரோ அட்டைகள், அதாவது பஸ்ஸிலும் சப்வேயிலும் கட்டணத்துக்குத் தட்டும் அட்டைகள். இதை 4ஆம் பகுதியில் சொல்கிறேன்.
- 25 பேருக்கு மேல் சேர்கிறீர்கள் என்றால் பெர்மிற். அது 5ஆம் பகுதியில்.

3. எந்த ஸ்ரேசனில் இறங்குவது: இதில்தான் எல்லோரும் பிழை விடுகிறோம்

ஸ்காபரோவில் இருக்கும் கென்னடி ஸ்ரேசனில் 2ஆம் பாதை சப்வேயில் ஏறினால் மாறாமல் ஒரே இருப்பில் போய்விடலாம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். 'ஹைபார்க்' என்ற பெயரிலேயே ஒரு ஸ்ரேசன் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். நாங்களும் இறங்கினோம்.

அந்த ஸ்ரேசனிலிருந்து பூங்காவின் வடக்கு வாசல் ஐந்து நிமிட நடைதான். ஆனால் பிள்ளைகள் கேட்கும் பெரிய விளையாட்டிடம், மரத்தாலான கோட்டை போன்ற ஜேமி பெல் விளையாட்டிடம், பூங்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. பூங்கா 161 ஹெக்டேயர். வடக்கு வாசலிலிருந்து விளையாட்டிடத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில் வரும். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஏற்றம். விளையாடிக் களைத்த பிள்ளையைத் தோளிலும் காலிச் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கையிலும் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறியவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் ஹைபார்க் ஸ்ரேசனுக்கு ஒரு நிறுத்தம் முன்னால், கீல் ஸ்ரேசனில் இறங்குங்கள். அங்கிருந்து 80ஆம் இலக்க குயின்ஸ்வே பஸ் பார்க்சைட் ட்ரைவ் வழியாகத் தெற்கே போகும். பூங்காவின் கிழக்கு ஓரமே அந்த வீதிதான். ஹைபார்க் பூல்வாட் சந்தியில் இறங்கி உள்ளே நடந்தால் சில நிமிடத்தில் விளையாட்டிடம். ப்ரெஸ்ரோ தட்டியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாறும் பஸ்ஸுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள், வார இறுதியில் சில நேரம் காத்திருக்க வேண்டி வரும்.

பிள்ளைகள் இல்லாமல் நடக்கப் போகிறவர்களுக்கும், பூக்களுக்காகப் போகிறவர்களுக்கும் ஹைபார்க் ஸ்ரேசன்தான் சரி.

சப்வே பற்றி இரண்டு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை சப்வே காலை 8 மணி அளவில்தான் தொடங்கும். 6 மணிக்கே பிள்ளைகளை வெளிக்கிடுத்திக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்காதீர்கள். இரண்டாவது, வார இறுதிகளில் திருத்த வேலைக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடி, பதிலாக பஸ் விடுவது இங்கே வழமை. வெள்ளி இரவு ரிரிசியின் (ரொறன்ரோவின் பஸ், சப்வே சேவை) இணையப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஸ்ரோலரோடு போகிறவர்கள் அதே பக்கத்தில் எந்த ஸ்ரேசனில் லிப்ற் வேலை செய்கிறது என்பதையும் பார்க்கலாம். நான் பெரிய ஸ்ரோலரை விட்டுவிட்டு மடிக்கும் சின்னதைத்தான் கொண்டுபோவேன்.

4. செலவுக் கணக்கு

ப்ரெஸ்ரோ அட்டையில் பெரியவருக்கு ஒரு தடவைக்கு 3.30 டொலர். காசாகக் கொடுத்தால் 3.35. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2.25, ஆனால் அட்டையில் முதியோர் வகை பதிந்திருக்க வேண்டும். வயதுக்கான அடையாள அட்டையோடு ஷொப்பர்ஸ் மருந்துக்கடைக்குப் போனால் பதிந்து தருவார்கள். பதியாத அட்டை மாமியிடமும் முழுக் கட்டணம்தான் எடுக்கும், எடுத்த காசு திரும்பி வராது. 13 முதல் 19 வயது வரை இளையோர் வகை, அதற்கும் இதே கதைதான்.

12 வயதும் அதற்குக் கீழும் இலவசம், அட்டை தேவையில்லை. உங்களோடு அகலமான கேற்றால் கூட்டிக்கொண்டு போகலாம். பதினொரு வயதிலேயே அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பிள்ளை என்றால், ஒரு அட்டை எடுத்துச் சிறுவர் வகை பதிந்து வைத்தால் கேள்வி வராது.

ஒரே அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. புதிய அட்டை 4 டொலர். வங்கி அட்டையையும் தட்டலாம், ஆனால் அதில் பெரியவர் கட்டணம் மட்டும்தான் எடுக்கும்.

எங்கள் கணக்கு இது: இரண்டு பெரியவர், ஒரு மாமி, இரண்டு பிள்ளைகள். போக 8.85, வர 8.85, மொத்தம் 17.70 டொலர். பூங்காவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பீர்கள் என்பதால் திரும்பும் கட்டணத்தைச் சேர்த்தே நினையுங்கள். உள்ளே உணவகம் இருக்கிறது, ஐஸ்கிறீம் வண்டியும் வரும். பிள்ளைகளிடம் வீட்டிலேயே "ஒன்று மட்டும்" என்று பேசி வைத்துவிட்டுப் போகிறேன். அந்த ஒப்பந்தம் இதுவரை ஒரு தடவைகூட நிலைத்ததில்லை.

5. சாப்பாடும் பெர்மிற்றும்

முதல் தடவை போகும்போது அடுப்பு, கரி, மாரினேற் செய்த கோழி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பூங்காவில் கண்ட இடத்தில் நெருப்பு மூட்ட முடியாது. அதற்கென்று ஒதுக்கிய இடங்களும் விதிகளும் உண்டு, சொந்த பார்பிக்யூவுக்கும் விதி உண்டு. கோழி வாட்டத்தான் வேண்டும் என்றால் நகராட்சியின் தொலைபேசி இலக்கமான 311க்கு அடித்து, எந்தப் பூங்காவில் எந்த இடம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். தமிழில் கதைக்க வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

ஆறினாலும் சாப்பிடக்கூடியதைக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் பரிசோதித்துத் தேறியவை: மரக்கறி றோல்ஸ், சீனிச்சம்பல் பாண், எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை. தேறாதவை: இடியப்பமும் சொதியும். சொதிப் போத்தல் சப்வேயில் சரிந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. தயிர், பால் சேர்ந்தது எதுவாக இருந்தாலும் ஐஸ் பையோடு வையுங்கள். ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி மாமியின் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

25 பேருக்கு மேல் சேரும் பிக்னிக், பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்றால் நகராட்சியிடம் பெர்மிற் எடுக்க வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் சனிக்கிழமைகள் மிக முன்னதாகவே நிரம்பிவிடும். ஆகையால் கோடை வர முதலே, குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் ஆட்களின் தொகையைப் பொறுத்தது. பெர்மிற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒலிபெருக்கியும் காற்றடித்த துள்ளு கோட்டையும் பெர்மிற்றுக்குள் தானாக வந்துவிடாது, தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் குடும்பம் ஏழெட்டுப் பேர்தான் என்றால் பெர்மிற் தேவையில்லை. ஆனால் முதலில் போய் மேசையில் பை வைத்ததால் மட்டும் அந்த இடம் உங்களுடையது ஆகாது. இலக்கமிட்ட பிக்னிக் இடத்துக்கு வேறொருவர் பெர்மிற்றோடு வந்தால் எழும்பத்தான் வேண்டும். நான் ஒரு பெரிய விரிப்பைக் கொண்டுபோய் மரநிழலில் போட்டுவிடுவேன், சண்டையே இல்லை.

சிகரெட் பிடிக்கும் மாமாமார் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஒன்ராறியோ சட்டப்படி சிறுவர் விளையாட்டிடத்திலிருந்து 20 மீற்றருக்குள் புகைக்கக்கூடாது.

6. உள்ளே போன பிறகு

ஒழுங்கு இதுதான்: முதலில் விளையாட்டிடம், பிறகு சாப்பாடு, பிறகு மிருகங்கள், நடை கடைசியில். மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். காலையிலேயே இயற்கையை ரசிப்போம் என்று நடைபாதையில் இறக்கினால், பத்தாவது நிமிடத்தில் "எப்போ பார்க் வரும்?" என்று கேட்பார்கள். நிற்பதே பார்க்கில்தான் என்று விளங்கப்படுத்த முடியாது.

கோட்டைக்குள் ஒழுங்கைகளும் ஏணிகளும் சறுக்கிகளும் நிறைய. பிள்ளை உள்ளே போனால் எந்த வழியால் வெளியே வருவான் என்று ஊகிக்க முடியாது. இரண்டு பெரியவர்கள் இரண்டு பக்கம் நில்லுங்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரே மாதிரித் தொப்பி போட்டுவிட்டால் தேடுவது சுலபம். 10 மணிக்கு முதல் போய்விட்டால் ஊஞ்சலுக்கு வரிசை இருக்காது.

மிருகக்காட்சிச்சாலை கிட்டத்தான், ஒரு வீதியின் இரு பக்கமும் வேலி போட்ட பட்டிகள். காட்டெருமை, லாமா, மயில், ஈமு, கபிபாரா. 2016இல் இங்கிருந்து இரண்டு கபிபாராக்கள் தப்பியோடி, ஊர் முழுக்கத் தேடியது. அந்தக் கதையை நடந்துகொண்டே சொல்லுங்கள், பிள்ளைகள் இன்னும் அரை மணி நேரம் களைக்காமல் நடப்பார்கள். தீன் போடக்கூடாது. மாமி மீந்த பாணை நீட்டியபோது நான்தான் ஓடிப்போய் மறித்தேன்.

நடைக்கு மேற்குப் பக்கம் கிரெனடியர் குளத்தங்கரை நல்லது. பெரும்பாலும் சமதரை, தண்ணீரில் வாத்தும் அன்னமும். மெழுகு பூசிய மாதிரி மினுங்கும் அந்தக் குளத்தைக் கண்டதும் பிள்ளைகள் இறங்கக் கேட்பார்கள். ஊர்க் குளம் மாதிரி இல்லை, அதில் குளிக்கக்கூடாது. கிழக்குப் பக்கச் சிற்றோடைப் பாதை நிழலானது, ஆனால் ஸ்ரோலருக்கும் முழங்கால் வருத்தக்காரருக்கும் சிரமம். எந்தப் பாதையானாலும் பாதையை விட்டு விலகாதீர்கள். அரிதான கறுப்பு ஓக் காடும் புல்வெளியும் மிஞ்சியிருக்கும் இடம் இது.

நீந்த வேண்டும் என்றால் பூங்காவின் வடபகுதியில் நகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது, கோடையில் இலவசம். நீச்சல் உடை கட்டாயம். வேறொரு குளத்தில் என் கணவர் பருத்திக் காற்சட்டையோடு போய்த் திரும்பிவந்தார். 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு 14 வயதாவது ஆன ஒருவர் தண்ணீருக்குள்ளேயே, கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள்தான் கணக்கு. மூன்று சின்னதுகளோடு தனியே போகும் தாயை உள்ளே விடமாட்டார்கள்.

7. தூண்டில் கொண்டுபோகும் அப்பாக்களுக்கு

கிரெனடியர் குளத்தில் குறித்த இடங்களில் மீன் பிடிக்கலாம். ஆனால் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு ஒன்ராறியோ மீன்பிடி உரிமம் வேண்டும். அதற்கு முதல் அவுற்டோர்ஸ் காட் எடுக்க வேண்டும். பொறி இங்கேதான்: கனடாவில் தொடர்ந்து 6 மாதம் வாழாத புதியவர்களும், பார்க்க வந்த பெற்றோரும் வதிவோராகக் கணக்கில் வரமாட்டார்கள். மாமனாருக்கு 70 வயது, சும்மா பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த வயதுச் சலுகை கனடாவில் வதிவோருக்குத்தான். வதிவோருக்கு அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகளில் உரிமம் இல்லாமலே பிடிக்கும் வாய்ப்பு உண்டு, அடையாள அட்டை கையில் இருந்தால் சரி.

8. உண்ணியும் மூன்று இலைச் செடியும்

கறுங்கால் உண்ணி ரொறன்ரோவில் இருக்கிறது, லைம் நோயைக் கொண்டுவரக்கூடியது. பயந்து வீட்டில் இருக்கத் தேவையில்லை. நீளக் காற்சட்டை, காலுறைக்குள் சொருகிய கால், பூச்சி மருந்து, இவ்வளவும் போதும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால், கக்கம், முழங்காலின் பின்புறம், தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். கண்டால் நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மேலே இழுங்கள். ஊரில் மாட்டு உண்ணிக்குச் செய்வதுபோல எண்ணெய் விடுவதும் நெருப்புக்குச்சி காட்டுவதும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையா? 2023இலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே உண்ணிக்கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். ஹெல்த் காட் இருந்தால் அந்த ஆலோசனைக்குக் கட்டணமில்லை. உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

பாதையோரத்தில் மும்மூன்று இலையாக நிற்கும் பொய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது: "மூன்று இலை கண்டால் கை பின்னுக்கு."

9. திரும்புவது

இரண்டரை மணிக்கு வெளிக்கிடுங்கள். "இன்னும் அஞ்சு நிமிசம்" மூன்று தடவை முடிய மூன்று மணியாகிவிடும், அந்தக் கணக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெளிக்கிட முதல் எல்லோரையும் ஒரு தடவை கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள், சப்வே ஸ்ரேசன்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. குளிர்காலத்தில் போகிறவர்கள் பூங்காவிலும் பல கழிப்பறைகள் பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்சைட்டில் வடக்கே போகும் 80 பஸ் பிடித்துக் கீல், கீலில் கிழக்கே கென்னடிப் பக்கம் போகும் ரயில். தட்டும்போது மாமியின் அட்டை மாமியின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் சாப்பாட்டுப் பையின் அடியில், காலி றோல்ஸ் பெட்டிக்குக் கீழேதான் கிடக்கும்.